ஆர்32 ஜிடி-ஆரா, முதல் தலைமுறை என்எஸ்எக்ஸா? கடலோரத்தில் ஒரே ஒரு பார்க்கிங் வைத்திருப்பவருக்கு

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். ஜப்பானில் கனகாவா மாகாணத்தில், சகாமி வளைகுடாவை ஒட்டி ஓயிசோ பக்கம் குடியிருக்கிறீர்கள். பத்து வருடம் சேர்த்த பணத்தில் 1990-களின் ஜப்பானியக் கார் ஒன்று வாங்க ஆசை. நிஸான் ஸ்கைலைன் ஜிடி-ஆர் ஆர்32, ஹோண்டாவின் முதல் தலைமுறை என்எஸ்எக்ஸ், இரண்டில் செயல்திறனில் எது மேல், சேகரிப்பாளர்கள் நடுவில் எதற்கு மதிப்பு நிற்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கேள்வியின் கடைசியில், "வார இறுதியில்தான் ஓட்டுவேன், பார்க்கிங் ஒன்றுதான், மேலே கூரை கிடையாது" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, எனக்கு அதுதான் உண்மையான கேள்வியாகப் படுகிறது. ஓட்டிச் சந்தோஷப்படவும் வேண்டும், போட்ட பணம் கரையவும் கூடாது, நிறுத்த இருப்பது இந்த ஒரு இடம் மட்டும். இந்த மூன்றையும் சேர்த்துத்தான் பதில் சொல்ல முடியும்.

என்னைப் பற்றி இரண்டு வரி, நான் சொல்வதை எவ்வளவு நம்பலாம் என்று நீங்களே எடைபோட்டுக்கொள்ள. ஆட்டோமொபைல் டிப்ளமோ முடித்து 2006-ல் ஜப்பானுக்கு வந்தேன். முதல் நான்கு வருடம் சிபாவில் ஒரு சின்ன கராஜில் ஸ்பேனர் பிடித்தேன், அப்புறம் இன்றுவரை பழைய கார் ஏற்றுமதித் தொழிலில் ஏலக்களப் பரிசோதகன். ஆர்32-களை அடியில் படுத்துப் பார்த்த கணக்கு இருநூறைத் தாண்டும். என்எஸ்எக்ஸ் அவ்வளவு இல்லை, நாற்பது இருக்கலாம். அலுமினிய வெல்டிங் என் கைத்தொழில் அல்ல, அந்தப் பகுதியில் நான் சொல்வது பார்த்துத் தெரிந்துகொண்டதுதான், செய்து தெரிந்துகொண்டதல்ல.

செயல்திறனில் தொடங்குகிறேன். காகிதத்தைப் பார்த்தால் இரண்டும் 280 பிஎஸ், அதாவது குதிரைச் சக்தி. இதை வைத்து ஒரு முடிவுக்கும் வரக்கூடாது. 1989-லிருந்து 2004 வரை ஜப்பானியக் கம்பெனிகள் தங்களுக்குள் பேசிவைத்துக்கொண்ட உச்சவரம்பு அது. உள்ளே என்ன இருந்தாலும் வெளியே 280 என்றுதான் எழுதுவார்கள். கை வைக்காத ஆர்32-ஐ, சக்தியை அளக்கும் டைனோ கருவியில் ஏற்றினால் முந்நூறைத் தொடுகிறது, தாண்டுகிறது என்று பலர் சொல்வார்கள், நானும் அப்படிப்பட்ட தாள்களைப் பார்த்திருக்கிறேன். ஆனால் ஒரு டைனோவின் எண்ணும் இன்னொன்றின் எண்ணும் ஒத்துப்போகாது. அதனால் 280-க்கு மேல் இருக்கும் என்பது நம்பக்கூடியது, எவ்வளவு மேல் என்பது சந்தேகத்துக்குரியது என்று வைத்துக்கொள்ளுங்கள். உறுதியாகச் சொல்லக்கூடியவை வேறு. ஆர்32-ல் 2568 சிசி, வரிசையாக ஆறு சிலிண்டர், இரண்டு டர்போ, வார்ப்பிரும்பு பிளாக், எடை 1430 கிலோ. என்எஸ்எக்ஸில் 2977 சிசி, டர்போ இல்லாத வி6, விடெக் என்ற வால்வு நுட்பம், டைட்டானியம் கனெக்டிங் ராடு, 8000 ஆர்பிஎம் வரை போகும் எஞ்சின், மேனுவல் வண்டியின் எடை 1350 கிலோ. இரண்டுக்கும் உள்நாட்டு விற்பனையில் மணிக்கு 180 கிலோமீட்டருக்கு மேல் போகாதபடி கட்டுப்படுத்தித்தான் கொடுத்தார்கள். நேர்கோட்டு ஓட்டத்தில் இரண்டும் கிட்டத்தட்ட சமம்தான், அதற்காக ஒன்றை விட்டு இன்னொன்றை எடுக்க வேண்டியதில்லை.

இந்த இரண்டு கார்களும் எதற்காகப் பிறந்தன என்பதில்தான் வித்தியாசம். ஜிடி-ஆர் பந்தயத்துக்காகப் பிறந்த கார், அதுவும் விற்பனைக் கார்களை வைத்து நடத்தும் குரூப் ஏ பந்தயத்தின் ஒரே விதிப்புத்தகத்துக்காக. அந்த 2568 என்ற விநோதமான சிசி எங்கிருந்து வந்தது என்று யோசித்திருக்கிறீர்களா? குரூப் ஏ விதியில் டர்போ எஞ்சினின் கொள்ளளவை 1.7-ஆல் பெருக்குவார்கள். 2568-ஐப் பெருக்கினால் 4366, அதாவது 4.5 லிட்டர் வகுப்புக்குள் அடங்கிவிடும். அந்த வகுப்பில் அனுமதிக்கப்படும் எடைக்கும் டயர் அகலத்துக்கும் எந்த எஞ்சின் பொருந்தும் என்று பின்னோக்கிக் கணக்குப் போட்டு வந்த எண் அது. நிஸான் பொறியாளர் நாகனோரி இட்டோ தலைமையில் உருவான கார். பந்தய வண்டியின் 600 குதிரைச் சக்தியை வெறும் பின்சக்கரங்களால் தரையில் இறக்க முடியாது என்று தெரிந்து அட்டெசா என்ற நான்கு சக்கர இயக்கத்தையும் சேர்த்தார்கள். இயல்பாகப் போகும்போது அது பின்சக்கர வண்டிதான். பின்சக்கரம் வழுக்கத் தொடங்கினால் மட்டும் கணினி ஒரு கிளட்சை இறுக்கி, முன்சக்கரத்துக்குச் சக்தியைப் பிரித்து அனுப்பும், அதிகபட்சம் பாதிக்குப் பாதி. டேஷ்போர்டின் நடுவில் மூன்று சின்ன மீட்டர் இருக்கும், அதில் ஒன்று முன்சக்கரத்துக்கு எவ்வளவு டார்க் போகிறது என்று காட்டுவது. ஈரமான வளைவில் ஆக்சிலரேட்டரை மிதித்துவிட்டு அந்த முள் சட்டென்று எழும்பி இறங்குவதைப் பார்த்தால் இந்த வண்டி என்ன செய்கிறது என்று புரிந்துவிடும்.

என்எஸ்எக்ஸ் பந்தய விதிக்காகச் செய்த கார் அல்ல. ஷிகெரு உஏஹாரா தலைமையில் ஹோண்டா கேட்டுக்கொண்டது வேறொரு கேள்வி: நடு எஞ்சின் ஸ்போர்ட்ஸ் காரை, தினமும் அலுவலகத்துக்கு ஓட்டிப்போகிற அளவுக்குத் தொல்லையில்லாததாகச் செய்ய முடியுமா? முழு உடலும் அலுமினியத்தில் செய்த, தொடர் உற்பத்திக்கு வந்த முதல் கார் இது. இரும்பில் செய்திருந்தால் ஆகியிருக்கும் எடையில் உடலில் மட்டும் சுமார் 140 கிலோ குறைந்தது. இதற்கென்றே தோச்சிகி மாகாணத்தில் தக்கனெசாவாவில் தனித் தொழிற்சாலை கட்டினார்கள். 1989 பிப்ரவரியில் சுசுகா பந்தயத் தடத்தில் ஃபார்முலா 1 வீரர் ஐர்டன் சென்னா முன்மாதிரியை ஓட்டிப் பார்த்து உடல் இன்னும் உறுதியாக இருக்க வேண்டும் என்று சொன்னதும், பிறகு ஹோண்டா ஆட்கள் ஜெர்மனியின் நியூர்பர்க்ரிங் பந்தயத் தடத்தில் மாதக்கணக்கில் தங்கி உடலை இறுக்கியதும் பலரும் எழுதியிருப்பதுதான். அந்த உழைப்பு வண்டியில் உட்கார்ந்த முதல் நிமிடத்திலேயே தெரியும். பானெட் தாழ்ந்து கிடக்கும், கண்ணுக்கு முன்னால் சாலை மட்டும்தான், பின்னால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எஞ்சின். ஆரம்பகால மேனுவல் வண்டிகளில் பவர் ஸ்டீயரிங்கே கிடையாது. நிறுத்தும்போது கை வலிக்கும், ஆனால் ஓடும்போது சாலையில் கிடக்கும் ஒவ்வொரு ஒட்டும் விரலில் தெரியும்.

உங்கள் வீட்டிலிருந்தே ஒரு பாதையைச் சொல்கிறேன். செய்ஷோ பைபாஸில் ஏறி, கடலை இடதுபக்கம் வைத்து ஒடாவாரா வரை போய், ஹாகோனே டர்ன்பைக்கில் தைகன்சான் வரை ஏறுகிறீர்கள். சாலை காய்ந்திருந்தால், கை வைக்காத இரண்டு வண்டிகளில் என்எஸ்எக்ஸ் உங்களை அதிகம் சந்தோஷப்படுத்தும், இதில் எனக்குத் துளி தயக்கம் இல்லை. ஆர்32-ன் மூக்கு கனமானது. இரும்பு எஞ்சின், இரண்டு டர்போ, முன் டிஃபரன்ஷியல் எல்லாம் முன்னால் உட்கார்ந்திருக்கிறது. இறுக்கமான வளைவுக்குள் நுழையும்போது சிறிது நேரம் வெளிப்பக்கமாகத் தள்ளும், காத்திருந்து ஆக்சிலரேட்டரை மிதித்தால்தான் உள்ளே திரும்பும். அந்தப் பழக்கம் கைக்கு வந்துவிட்டால் அதுவும் ஒரு சுகம்தான். ஆனால் அதே மலையில் ஜூன் மாத மழை இறங்கினால் கதை தலைகீழ். நடு எஞ்சின் வண்டியில் வளைவின் நடுவில் பயந்து ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பின்பக்கம் சுற்றிக்கொண்டு வரும், எச்சரிக்கை கொடுக்காது. அப்படிச் சுற்றிய வண்டிகள்தான் ஏலத்துக்கு 'ஆர்' தரத்தில், அதாவது விபத்தில் அடிபட்டுச் சரிசெய்த வண்டி என்ற குறியோடு வருகின்றன. ஆர்32 மழையில் உங்களைக் காப்பாற்றும். செலவழித்துச் சக்தியைக் கூட்ட வேண்டும் என்பது ஆசையானால் பேச்சே வேண்டாம், ஜிடி-ஆர்தான். அந்த பிளாக் தாங்குகிற அளவுக்கு என்எஸ்எக்ஸ் எஞ்சினில் ஏற்றுவதென்றால் பணம் பல மடங்கு. ஆனால் நீங்கள் மதிப்பு நிற்க வேண்டும் என்றும் கேட்கிறீர்கள், அதனால் அந்த வழியில் போகவே கூடாது.

இனி சேகரிப்பு மதிப்பு. பந்தய வரலாற்றில் ஆர்32 பக்கம் அசைக்க முடியாத ஒரு எண் இருக்கிறது. 1990 முதல் 1993 வரை ஜப்பான் குரூப் ஏ போட்டித் தொடரில் அது கலந்துகொண்ட 29 பந்தயங்கள், 29-லும் வெற்றி. ஆஸ்திரேலியாவில் 1991, 1992 இரண்டு வருடமும் பாத்தர்ஸ்ட் 1000 பந்தயத்தை ஜிம் ரிச்சர்ட்ஸும் மார்க் ஸ்கைஃபும் இதில்தான் வென்றார்கள். 1992-ல் பெருமழையில் பந்தயத்தை நிறுத்தியபோது முன்னணியில் இருந்த அந்த வண்டி ஏற்கெனவே மோதி நொறுங்கிக் கிடந்தது, முந்தைய சுற்றின் நிலவரத்தை வைத்து வெற்றி கொடுத்தார்கள். 'காட்ஸில்லா' என்ற பட்டப்பெயரும் ஆஸ்திரேலியர்கள் வைத்ததுதான். என்எஸ்எக்ஸுக்கு 1995-ல் பிரான்ஸின் லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தில் ஜிடி2 வகுப்பு வெற்றி, ஒட்டுமொத்தத்தில் எட்டாம் இடம். ஓட்டியவர்கள் குனிமிட்சு தகஹாஷி, கெய்இச்சி ட்சுச்சியா, அகிரா இய்தா. இதில் எனக்குப் பிடித்த ஒரு விஷயம், தகஹாஷியும் ட்சுச்சியாவும் அதற்கு முன் குரூப் ஏ காலத்தில் சேர்ந்து ஓட்டியது ஆர்32 ஜிடி-ஆர். அந்தத் தகஹாஷிதான் 1972-ல் பழைய ஸ்கைலைன் ஜிடி-ஆருக்கு அதன் ஐம்பதாவது வெற்றியைக் கொடுத்தவரும். நீங்கள் ஒப்பிடுகிற இரண்டு வண்டிகளையும் ஒரே மனிதர் பந்தயத்தில் ஓட்டியிருக்கிறார், இப்போது அவர் இல்லை, 2022-ல் காலமானார்.

வரலாறு ஒரு பக்கம், எண்ணிக்கை இன்னொரு பக்கம். 1989 ஆகஸ்டில் 44.5 லட்சம் யென்னுக்கு வந்த ஆர்32 ஜிடி-ஆர் 1994 வரை சுமார் 44 ஆயிரம் வண்டி. 1990 செப்டம்பரில் சுமார் 80 லட்சம் யென்னுக்கு வந்த என்எஸ்எக்ஸ் 2005 வரை பதினைந்து வருடத்தில் 18 ஆயிரத்துச் சொச்சம், அதிலும் கிட்டத்தட்ட பாதி அமெரிக்காவுக்குப் போய்விட்டது. எண்ணிக்கையை மட்டும் பார்த்து என்எஸ்எக்ஸ்தான் அரியது என்று சொல்லிவிடலாம், பலர் அப்படித்தான் சொல்கிறார்கள். ஆனால் களத்தில் நிற்கிறவன் கண்ணுக்கு அது அப்படித் தெரிவதில்லை. அந்த 44 ஆயிரத்தில் எத்தனை வண்டி தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருக்கிறது? நான் பார்த்த இருநூறுக்கு மேற்பட்ட ஆர்32-களில் டர்போ, சைலன்சர், சஸ்பென்ஷன், சக்கரம், ஸ்டீயரிங் எல்லாம் நிஸான் கொடுத்தபடியே இருந்தவற்றைப் பத்து விரலில் எண்ணிவிடலாம். இந்த வண்டியை வாங்கியவர்கள் எல்லோரும் அதை மாற்றத்தான் வாங்கினார்கள், அதற்காகவே செய்யப்பட்ட எஞ்சின் அது. என்எஸ்எக்ஸை வாங்கியவர் பெரும்பாலும் வயதில் மூத்தவர், மழையில் எடுக்காதவர், சக்கரம் மாற்றினாலும் பழைய சக்கரத்தை வீட்டில் பத்திரமாக வைத்திருப்பவர். அதனால் கை படாத என்எஸ்எக்ஸ் தேடினால் கிடைக்கும், கை படாத ஆர்32 தேடினாலும் லேசில் கிடைக்காது. கிடைத்தால் அதற்கு என்எஸ்எக்ஸுக்கு நிகராக விலை கேட்பார்கள். அது நியாயமான விலைதான் என்று நான் நினைக்கிறேன்.

சிறப்பு வகைகளைப் பற்றி நீளமாகச் சொல்லப்போவதில்லை, அவை உங்கள் பட்ஜெட்டில் வராது. பந்தய அனுமதிக்காக 1990-ல் செய்த நிஸ்மோ (நிஸானின் பந்தயப் பிரிவு) ஜிடி-ஆர் மொத்தம் 560. 1992-ல் வந்த என்எஸ்எக்ஸ்-ஆர் 483 வண்டிதான், எடையில் 120 கிலோ குறைத்து 1230 கிலோவுக்குக் கொண்டுவந்தது, ஜப்பானுக்கு வெளியே விற்கவே இல்லை. இந்த இரண்டும் சேகரிப்பாளர் உலகத்தில் வேறு வரிசை. உங்களுக்கு எட்டக்கூடியதில் ஆர்32 என்றால் 1993-லிருந்து பிரெம்போ பிரேக்கோடு வந்த வி-ஸ்பெக் வகை, என்எஸ்எக்ஸ் என்றால் முதல் சில வருட 5 கியர் மேனுவல். ஆட்டோமேட்டிக் என்எஸ்எக்ஸ் விலை குறைவாக இருக்கிறதே என்று ஆசைப்படாதீர்கள், எஞ்சின் சக்தியே 265-க்கு இறக்கப்பட்டது, விற்கும்போதும் வாங்கும் ஆள் குறைவு.

இப்போது நான் பிழைப்புக்காகச் செய்கிற வேலைக்கு வருகிறேன், வாங்குமுன் பார்க்க வேண்டியவை. சில வருடங்களுக்கு முன் ஒரு வாடிக்கையாளருக்காகச் சாம்பல் நிற ஆர்32 ஒன்றை ஏலத்தில் எடுத்துக் கொடுத்தேன். ஏலத் தாளில் வண்டிக்குத் தரம் 4, உட்புறத்துக்குத் தரம் பி, வரைபடத்தில் இரண்டு சின்னக் கீறல் மட்டும். பெயின்ட் பளபளவென்று இருந்தது. நேரம் இல்லாமல் அன்று நான் டிக்கிக் கம்பளத்தை ஒரு மூலையில் மட்டும் தூக்கிப் பார்த்துவிட்டு விட்டேன். வண்டி யார்டுக்கு வந்தபின் முழுக்கச் சுருட்டினேன். ஸ்டெப்னிப் பள்ளத்தின் ஓரத்தில் தையல்போல ஓடும் சீலன்ட் ஒரு இடத்தில் மட்டும் புத்தம் புதிதாக, கொஞ்சம் கூடுதல் வெள்ளையாக இருந்தது. ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் தட்டினேன், சத்தம் வரவில்லை, மெத்தென்று உள்ளே போனது. சீலன்ட்டை உரித்தால் அடியில் பிஸ்கட் மாதிரி அடுக்கடுக்காகத் துரு, விரலால் அழுத்தினால் கீழே தரை தெரிந்தது. டிங்கர் வேலைக்கு ஆன செலவில் பாதியை நான்தான் ஏற்றுக்கொண்டேன். அன்றிலிருந்து டிக்கிக் கம்பளத்தை முழுக்கச் சுருட்டாமல் எந்த ஆர்32-க்கும் நான் கையெழுத்துப் போடுவதில்லை. அடுத்து பானெட்டைத் திறந்து சஸ்பென்ஷன் மேல்முனை உட்காரும் இடத்தின் மடிப்பு, பின்சக்கர வளைவின் உள்விளிம்பு, கதவுக்குக் கீழே ஜாக்கி வைக்கும் இடம், இந்த மூன்றும். பெயின்ட் குமிழாக எழும்பியிருந்தால் அடியில் இருப்பது அதைப்போலப் பத்து மடங்கு.

ஆர்32-ல் செஸி நம்பரைக் கண்ணால் பாருங்கள், எஞ்சின் அறையின் பின்சுவரில் குத்தியிருக்கும். பிஎன்ஆர்32 என்று தொடங்கினால்தான் ஜிடி-ஆர். எச்சிஆர்32 என்றிருந்தால் அது சாதாரண ஸ்கைலைனுக்கு ஜிடி-ஆர் உடை போட்டது. ஓடோமீட்டரை நம்பவே வேண்டாம், மீட்டரையே மாற்றிய வண்டிகள் ஏராளம். பழைய பராமரிப்புப் புத்தகமும் ஷாக்கென் (ஜப்பானின் கட்டாய வாகனப் பரிசோதனை) பதிவுகளும் மட்டும்தான் சாட்சி. ஆரம்பகால எஞ்சின்களில் ஆயில் பம்பைச் சுழற்றும் கிராங்க் முனை குட்டையாக இருக்கும். எஞ்சினை உச்ச வேகத்தில் அடித்து ஓட்டியவர்கள் கையில் அந்த இடம்தான் போகும், போனால் எஞ்சினே போகும். டர்போவின் உள்சக்கரம் பீங்கான், பூஸ்ட்டை, அதாவது டர்போ தள்ளும் காற்றழுத்தத்தை ஏற்றினால் உடையும், உடைந்த தூள் எஞ்சினுக்குள்ளும் போகலாம். தொழிற்சாலையில் பூஸ்ட் குழாய்க்குள் பித்தளையில் ஒரு சின்ன அடைப்பான் வைத்திருப்பார்கள், அது இன்னும் உள்ளே இருக்கிறதா என்று குழாயைக் கழற்றிப் பாருங்கள். நிமிட வேலை. அது இல்லையென்றால் முந்தைய உரிமையாளர் என்ன மாதிரி ஆள் என்று தெரிந்துவிடும், மற்ற இடங்களைச் சந்தேகக் கண்ணோடு பார்க்கலாம்.

என்எஸ்எக்ஸுக்கு வேறு கண் வேண்டும். இரும்பு வண்டியில் பட்டி பார்த்திருக்கிறார்களா என்று காந்தம் வைத்துப் பார்ப்போம் அல்லவா, இதில் காந்தம் எங்குமே ஒட்டாது. அலுமினியத்தை அளக்கக்கூடிய பெயின்ட் தடிமன் மீட்டரோடு போக வேண்டும். கதவு, பானெட் போல்ட்டில் கழற்றிய தடம் இருக்கிறதா, முன்பின் பீம்களில் சுருக்கம் இருக்கிறதா என்று லிஃப்டில் ஏற்றித்தான் முடிவு செய்ய வேண்டும். அலுமினியம் இரும்பைப்போல இழுத்து நிமிர்த்தக்கூடியதல்ல, பெரிய மோதலில் அடிபட்டதை உண்மையில் சரிசெய்யத் தெரிந்தவர்கள் ஜப்பானிலேயே மிகச் சிலர். முதல் இரண்டு வருட 5 கியர் பெட்டிகளில் ஒரு பகுதிக்கு உள்ளே ஸ்னாப் ரிங் உட்காரும் பள்ளத்தை அகலமாக வெட்டிவிட்டார்கள், அந்த வளையம் உடைந்தால் கியர்பாக்ஸ் நாசம். வண்டியின் கியர்பாக்ஸ் நம்பர் அந்த வரிசையில் வருகிறதா, வந்தால் ஏற்கெனவே சரிசெய்த பில் இருக்கிறதா என்று கேளுங்கள். டைமிங் பெல்ட்டும் வாட்டர் பம்ப்பும் மாற்றிய தேதி எழுத்தில் வேண்டும். ஏசி கட்டுப்பாட்டுப் பலகையிலும் ஸ்பீக்கர் ஆம்ப்ளிஃபையரிலும் உள்ள கெபாசிட்டர்கள் வயதாகி ஒழுகும், ஜன்னல் கண்ணாடி ஏறுவது மெதுவாகும். இவை தொல்லைதான், ஆனால் வண்டியைக் கொல்லும் நோய்கள் அல்ல. பழைய ஏபிஎஸ் பெட்டி மட்டும் கொஞ்சம் செலவு வைக்கும்.

உதிரிபாகத்தில் இரண்டு கம்பெனிகளும் வெவ்வேறு வழியில் போயின. நிஸான் பக்கம் 2017 டிசம்பரில் நிஸ்மோ ஹெரிடேஜ் என்று நிறுத்திய பாகங்களை மீண்டும் செய்யத் தொடங்கினார்கள், முதலில் ஆர்32-க்குத்தான். அதற்கு வெளியிலும் மூன்றாம் தரப்பு பாகங்கள் கடல்போல் கிடைக்கின்றன. ஹோண்டா 1993-லேயே என்எஸ்எக்ஸ் புத்துயிர்த் திட்டம் என்று ஒன்றைத் தொடங்கியது. வண்டியைத் தோச்சிகிக்கு அனுப்பினால் செய்த இடத்திலேயே பிரித்துப் புதுப்பித்துக் கொடுத்தார்கள். பழைய உரிமையாளர் அங்கே அனுப்பிய ஆவணத்தோடு ஒரு வண்டி வந்தால் இன்னும் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தாவது எடுக்கலாம், அதைவிட நல்ல சான்றிதழ் அந்த வண்டிக்குக் கிடையாது. வரி பற்றிக் கவலைப்பட வேண்டாம், 2.6 லிட்டரும் 3 லிட்டரும் ஒரே வகுப்பு. பதிமூன்று வருடம் தாண்டிய வண்டிக்கான கூடுதலோடு வருடத்துக்கு 58,600 யென். 3.2 லிட்டர் என்எஸ்எக்ஸ் எடுத்தால் மட்டும் அடுத்த வகுப்புக்குப் போகும். இரண்டுக்கும் ஹை-ஆக்டேன் பெட்ரோல்தான்.

விலை இனி எங்கே போகும் என்பது சந்தேகக் கணக்கில் சேரும். நடந்தது மட்டும் உறுதி. 25 வருடம் நிறைந்த வண்டிகளை அமெரிக்கா அனுமதிப்பதால் 2014-லிருந்து ஆர்32 அங்கே போகத் தொடங்கியது, நல்ல வண்டிகள் கொத்துக்கொத்தாகக் கப்பலேறின, என் கையாலேயே ஏற்றியிருக்கிறேன், இங்கே விலை மடங்குகளில் ஏறியது. நான் வந்த புதிதில் 20 லட்சம் யென்னுக்கு ஓரளவு நல்ல ஆர்32 எடுக்க முடிந்தது என்று சொன்னால் இன்று யாரும் நம்ப மாட்டார்கள். அந்த அலை ஒருமுறைதான் அடிக்கும், இனி அதே வேகத்தில் ஏறும் என்று எண்ணி வாங்காதீர்கள். என்எஸ்எக்ஸ் அமெரிக்காவில் அகுரா பெயரில் அப்போதே விற்றதால் அந்த மாதிரி திடீர் அலை அதற்கு வந்ததில்லை, மெதுவாக ஏறி நின்றுகொண்டிருக்கிறது. மெதுவாக ஏறியது இறங்கினாலும் மெதுவாகத்தான் இறங்கும் என்பது என் அனுபவத்தில் வந்த நம்பிக்கை. உத்தரவாதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

உங்களிடம் கூரை போட்ட, கதவு மூடுகிற கராஜ் இருந்திருந்தால், அல்லது நாகனோ மாதிரி கடலில்லாத ஊரில் குடியிருந்தால், கை படாத ஆர்32 ஒன்றைப் பொறுமையாகத் தேடுங்கள் என்று சொல்லியிருப்பேன். என் சொந்த மனசு அந்த வண்டியில்தான் இருக்கிறது. ஆனால் ஓயிசோவில், திறந்த வெளியில், புயல் காலத்தில் காலையில் கண்ணாடியைத் துடைத்தால் விரலில் உப்புக் கரிக்கிற இடத்தில் 1990-ன் நிஸான் இரும்பை நிறுத்திவைப்பது அதற்குச் செய்கிற அநியாயம். கவர் போட்டாலும் அடியில் ஈரம் தங்கி இன்னும் சீக்கிரம் அரிக்கும். அலுமினியத்துக்கும் உப்பு ஆகாதுதான். இரும்பு போல்ட் தொடும் இடங்களில் வெள்ளைப் பொடியாகப் பூக்கும், ரப்பர் பட்டைகள் காய்ந்து மழைநீர் உள்ளே வரும். ஆனால் அவை கண்ணுக்குத் தெரிகிற, கழுவித் துடைத்துப் பார்த்துக்கொள்ளக்கூடிய பழுதுகள். அதனால் உங்களுக்கு 1990-லிருந்து 1993-க்குள் வந்த 5 கியர் மேனுவல் என்எஸ்எக்ஸ், விபத்துக் குறி இல்லாதது, பெல்ட் பில் கையில் இருப்பது.

அவசரப்பட வேண்டாம். முன்பணம் கொடுக்குமுன், நிறுத்த இடம் இருக்கிறது என்று காட்டும் பார்க்கிங் சான்றுக்காக அந்த இடத்தை டேப் வைத்து அளந்து பாருங்கள், வண்டியின் அகலம் 1.81 மீட்டர், கதவுகள் நீளமானவை, சுவர் ஒட்டிய இடமென்றால் இறங்கவே முடியாது. வண்டியைப் பார்க்கப் போகும் நாள் குளிரான காலையாக இருக்கட்டும், எஞ்சினைச் சூடாக்கி வைக்க வேண்டாம் என்று விற்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கியர்பாக்ஸ் நம்பரும் லிஃப்டில் ஏற்றி எடுத்த முன்பின் பீம் படங்களும் அனுப்பினால் பார்த்துச் சொல்கிறேன்.